செல்லாத கைநீட்டம்

விஷு நாள், காலை ஐந்து மணி. மும்பை செம்பூரில், பாலக்காட்டுத் தமிழர்கள் மிகுந்த எங்கள் காலனியின் கோயிலில் நடை திறக்கப்பட்டது. சன்னிதியில் கணி வைக்கப்பட்டிருந்தது: உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், கொன்றைப் பூ, முகம் பார்க்கும் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வெள்ளித் தட்டில் நாற்பத்தொரு பத்து ரூபாய் நோட்டுகள்.

அதே நாள், ஆறு மணி. வரிசையில் வந்த முதல் நாற்பத்தொரு பேருக்குத் தலைமைப் பூசாரியான மேல்சாந்தி ஆளுக்கொரு நோட்டைக் கைநீட்டமாக வழங்கினார். பெற்றவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஆறேகால் மணி. கோயில் கமிட்டித் தலைவர் தமக்குக் கிடைத்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடியை அணிந்து அதைப் படித்தார். நோட்டின் வெள்ளைப் பகுதியில் நீல மையில், தமிழில், ஒரு வரி இருந்தது: 'சாமி ஒன்று, பந்தி ஏன் இரண்டு?'

ஆறரை மணி. கைநீட்டத்தை யாரும் செலவழிக்க வேண்டாம், அலுவலகத்தில் கொடுத்து வேறு நோட்டு பெற்றுக்கொள்ளலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

பகல் பன்னிரண்டு மணி. இருபத்துநான்கு நோட்டுகள் திரும்பின. பதினேழு திரும்பவில்லை.

மறுநாள் மாலை ஐந்து மணி. தலைவரும் பொருளாளரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நோட்டுகளில் இருந்தது என் மனைவியின் கையெழுத்து. அவள் முந்தைய கார்த்திகை மாதத்தில் காலமாகியிருந்தாள்.

இவற்றில் கடைசிச் சம்பவத்தைத் தவிர எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. துக்க வருஷத்தில் பண்டிகை கிடையாது. அன்று காலை வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் இருந்தவன் நான். நேரில் பார்க்காதவற்றைப் பிழையில்லாமல் எழுதித் தந்ததற்காகத்தான் இன்றும் எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

என் மனைவி, தமிழ்த் தொழிலாளிகள் குடியிருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்தவள். ஓய்வு பெற்ற பின் கோயில் வாசலில் இருக்கும் வெள்ளைப் பலகையில் அறிவிப்பு எழுதும் வேலையைக் கமிட்டி அவளுக்குக் கொடுத்தது. 'நாளை பிரதோஷம்', 'செருப்பை வெளியே விடவும்' போன்ற ஆன்மிகச் செய்திகளைப் பல வருஷங்கள் எழுதினாள். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். காலனியில் பாதிப் பேருக்கு, அதாவது இங்கேயே பிறந்து வளர்ந்த பாதிப் பேருக்கு, அதைப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களைவிட அவர்கள்தான் அந்தப் பலகை முன் பக்தியோடு நிற்பார்கள்.

தை உற்சவத்தின் கடைசி நாளில் எங்கள் கோயிலில் அன்னதானம் உண்டு. இரண்டு பந்தி. காலனிக்காரர்களுக்கு ஹாலில் இலை போட்டு, நான்கு கறி, பாயசத்துக்குப் பிரதமன். வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பின்சந்தில் காகிதத் தட்டில் சாம்பார் சாதம். இதில் ஜாதி எங்கே இருக்கிறது என்று தலைவர் பல தடவை கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் அந்தச் சொல் கிடைக்காது. 'இடவசதி' என்ற சொல்தான் கிடைக்கும். சில ஊர்க்காரர்களுக்கு மட்டும் வருஷா வருஷம் இடவசதி இல்லாமல் போவது கட்டிடக் கலையின் குறை என்றே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு உற்சவங்களுக்கு முன் என் மனைவியின் பழைய மாணவி ஒருத்தி லேபர் கேம்ப்பிலிருந்து வந்தாள். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே காலையில் இட்லிக் கடை போடுகிறவள். டீச்சரைப் பார்த்த சந்தோஷத்தில் கூடவே ஹால் வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். வாசலில் நின்ற தொண்டர் மிகவும் மரியாதையாக, கை கூப்பியபடி, பின்சந்துக்கு வழி காட்டினார். மாணவி போனாள். என் மனைவியும் பின்னாலேயே போனாள். சந்தில் நின்றபடி காகிதத் தட்டில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினாள்.

அன்று இரவே கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அரைப் பக்கம், மரியாதையான கடிதம். மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: தங்கள் கடிதம் பதிவு செய்யப்பட்டது. பதிவு செய்வது என்பது நன்றாகப் படித்த மனிதர்கள் ஒரு விஷயத்தை அடக்கம் செய்யும் முறை. நானும் பணியில் நிறையப் பதிவு செய்திருக்கிறேன்.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை சாப்பாட்டு மேஜையில் அவள் ஒரு பத்து ரூபாய் நோட்டை விரித்து வைத்து, அளவுகோலை ஓரத்தில் பிடித்து எழுதிக்கொண்டிருந்தாள். என்ன இது என்று கேட்டேன். கமிட்டி தவறாமல் திறந்து பார்க்கும் தபால்பெட்டி உண்டியல் ஒன்றுதான் என்றாள்.

நான் சட்டம் சொன்னேன். கேட்காமலே சட்டம் சொல்வது எனக்கு மூச்சு விடுவது போல. நோட்டில் கணக்கு கிறுக்கியிருந்தாலோ, பெயர் எழுதியிருந்தாலோ அது வெறும் அழுக்கு நோட்டு. வங்கி மாற்றித் தரும். ஆனால் அரசியல் செய்தியோ மதச் செய்தியோ தாங்கிய நோட்டுக்கு மதிப்புக் கோர முடியாது, கோரிக்கை நிராகரிக்கப்படும். ஆக, நோட்டில் எழுதியவரை விதி தேடிப் போவதில்லை. யார் கையில் கடைசியாக நோட்டு இருக்கிறதோ அவருக்குத்தான் நஷ்டம். நியாயம் பற்றிய கேள்வியும் அங்கேதான் இருக்கிறது என்று விளக்கினேன். உன் எதிர்ப்பு கமிட்டிக்கு எதிராக. பத்து ரூபாய் இழக்கப்போவது மார்க்கெட்டில் கீரை விற்கிறவள். பிறத்தியார் பையில் கைவிட்டு நடத்தும் அறப்போராட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். நல்ல வாதம் என்று எனக்கே தோன்றியது.

அவள் பேனாவை மூடிவிட்டு யோசித்தாள்.

"அது சரியாக்கும் நீங்க சொல்றது. அப்போ உண்டியலைத் தவிர வேற எங்கயும் போட மாட்டேன். நஷ்டம் சாமிக்குத்தானே. அவர் தாங்குவார்."

கடவுளின் சொத்துரிமை பற்றித் தீர்ப்புகள் உண்டு. அவருடைய நஷ்டம் தாங்கும் சக்தியைப் பற்றி நான் எதுவும் படித்ததில்லை. அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நோட்டு உண்டியலுக்குப் போனது. கார்த்திகையில் நாற்பத்தொன்றாவது நோட்டைப் போட்டுவிட்டு வந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பதினொரு நாள்.

உண்டியலை எண்ணுகிறவர் பொருளாளர். வயது முப்பதுக்குள். கணினித் துறையில் வேலை, கெட்டிக்காரர், வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பேசுகிறவர், தமிழ் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஒரே வரி எழுதிய நோட்டுகள் வருவதைப் பார்த்திருக்கிறார். வாசல் பலகையில் எழுதும் மாமியின் கையெழுத்து என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பலகையில் வருவதெல்லாம் சாமி விஷயம். ஆகவே இதுவும் சாமி விஷயம் என்று முடிவு செய்திருக்கிறார். யாரோ நாமஜபம் எழுதிப் போடுகிறார்கள் என்று நினைத்து, அந்த நோட்டுகளை வங்கியில் கட்டாமல், தம் சொந்தப் பணத்தால் ஈடுகட்டி, ஒரு பட்டுத் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறார். நாற்பத்தொன்று சேர்ந்தபோது அது ஐயப்ப விரதத்தின் மண்டலக் கணக்கு என்பதும் அவரைப் புல்லரிக்க வைத்திருக்கிறது. விஷுவுக்கு இதைவிட உயர்ந்த கைநீட்டம் உண்டா? குங்குமம் தூவிக் கணியில் வைத்தார். மேல்சாந்திக்கு மலையாளம் மட்டுமே படிக்கத் தெரியும். ஆக, அந்த இரவு முழுவதும் சன்னிதியில் அந்தக் கேள்வியைப் படிக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

என் மனைவி நாற்பத்தொரு வாரம் பாடுபட்டும் ஒருவரையும் எட்டாத கேள்வியைக் கமிட்டியே எடுத்து, பூஜை செய்து, உறுப்பினர் கையில் ஒவ்வொன்றாக வைத்து, கண்ணிலும் ஒற்றவைத்துவிட்டது. எந்தப் போராட்டக்காரருக்கும் இப்படி ஒரு விநியோக வசதி கிடைத்திருக்காது.

என் வீட்டுக்கு வந்த தலைவரும் பொருளாளரும் காபி சாப்பிட்டார்கள். நானே போட்டது; தலைவர் பாதியில் வைத்துவிட்டார். அவரும் என் வயதுக்காரர், என் போலவே பாலக்காட்டு வேர், ஓய்வு பெற்ற அதிகாரி. பொருளாளர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், ஐ ஆம் ஸோ ஸாரி. மாமியோட ஹேண்ட்ரைட்டிங் அவ்ளோ அழகா இருந்துது. சுலோகம்னு நினைச்சேன்."

அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னேன். உண்மைதான். அவள் எழுத்தை அத்தனை கவனமாகப் பட்டில் சுற்றி வைத்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

தலைவர் விஷயத்துக்கு வந்தார். திரும்பி வந்த இருபத்துநான்கு நோட்டுகளை வங்கிக்கு எடுத்துப் போனார்களாம். கவுண்டரில் இருந்த மராத்திப் பெண் இது என்ன எழுத்து என்று கேட்டாளாம். பொருளாளர் நேர்மையானவர், கோயில் விஷயம் என்று சொல்லிவிட்டார். மதச் செய்தி என்றால் மாற்ற முடியாது, வெறும் கிறுக்கல் என்றால் மாற்றலாம், எது என்று எழுதிக் கொண்டுவாருங்கள் என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

தலைவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தட்டச்சு செய்யப்பட்ட கடிதம், என் பெயரில். காலஞ்சென்ற என் மனைவி உடல்நலமும் மனநிலையும் குன்றியிருந்த காலத்தில் சில நோட்டுகளில் கிறுக்கியிருக்கிறாள் என்றும், அவற்றுக்கு மதம் சார்ந்த பொருளோ வேறு எந்தப் பொருளோ கிடையாது என்றும், நடந்ததற்கு நான் வருந்துகிறேன் என்றும் அதில் இருந்தது. இலக்கணப் பிழை இல்லை. ஒரு சட்ட அதிகாரியாக அதன் வரைவைப் பாராட்டவே தோன்றியது.

இருநூற்று நாற்பது ரூபாய்க்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று கேட்டேன்.

"பணம் பெரிசில்லை சார். ரெக்கார்டுல ஒண்ணு இருக்கணும். பெரியவா எல்லாரும் கண்ணுல ஒத்திண்டது வெறும் கிறுக்கல்னு ஆயிடுத்துன்னா ஒருத்தருக்கும் சங்கடம் இல்லை."

பிறகு, எழுந்திருக்கும்போது, யதேச்சையாகச் சொல்வது போல, கார்த்திகையில் அவளுடைய முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிந்து நான் ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்த அன்னதானத்துக்கு ஹாலை எழுதிவைத்திருப்பதாகவும், அதில் எந்தத் தடங்கலும் வராமல் பார்த்துக்கொள்வது தம் பொறுப்பு என்றும் சொன்னார். தடங்கல் என்ற சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

அந்த இரண்டு நாளில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கான காரணங்களைத் தொகுத்தேன். முதலாவது, இறந்தவர்களுக்கு அவதூறு வழக்கு கிடையாது. இரண்டாவது, அவளுக்கு ஹாலில் ஒரு நல்ல சாப்பாடு போட வேண்டும் என்பது என் ஒரே விருப்பம்; ஒரு கையெழுத்து அதற்கு அதிக விலை இல்லை. மூன்றாவது, சட்டப்படி பார்த்தாலும், பந்தி என்பது உணவு பரிமாறும் ஏற்பாடு. அது மதமா என்பதே விவாதத்துக்குரியது. சாமி என்ற சொல் வருகிறதே என்று எனக்கு நானே ஆட்சேபம் எழுப்பினேன். மும்பையில் எத்தனையோ பேரை சாமி என்றுதான் கூப்பிடுகிறோம் என்று நானே அதைத் தள்ளுபடி செய்தேன். இப்படியாக, நாற்பத்தொரு வாரம் ஒரு பெண் அளவுகோல் வைத்து எழுதிய வாக்கியம் என் மேஜையில் சிறிது சிறிதாக அர்த்தம் இழந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் பகலில் இட்லிக் கடைக்காரி வந்தாள். பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து. டீச்சர் காலமானபோது லேபர் கேம்ப்பிலிருந்து வந்த கூட்டத்தில் அவளைப் பார்த்த நினைவு எனக்கு இருந்தது. பர்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே அந்தப் பதினேழில் ஒன்று. செம்பூரிலிருந்து வேலைக்குப் போகிற யாரோ இட்லிக்குக் கொடுத்திருக்கிறார்.

"டீச்சர் எழுத்துன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிட்டு சார். இங்கன ஏதும் பிரச்சனையாகிட்டோன்னுதான் வந்தேன்."

நடந்ததைச் சொன்னேன். பிறகு, அவளுக்கு நஷ்டம் வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், அந்த நோட்டு ஏன் செல்லாது என்று விளக்கினேன். கிறுக்கல் எது, செய்தி எது, கடைசியாக வைத்திருப்பவரின் நிலை என்ன என்று ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். வகுப்பில் உட்கார்ந்திருப்பவள் போலக் கேட்டுக்கொண்டாள். என் சட்டைப்பையிலிருந்து ஒரு புதிய பத்து ரூபாயை எடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னேன். வாங்கவில்லை. இருபத்தஞ்சு வருசமா மொத வகுப்பு நோட்டையெல்லாம் வச்சிருக்கேன், இது ஒண்ணு கூட இருந்துட்டுப் போவுது என்று சொல்லிச் சிரித்தாள். உறையைத் திரும்பப் பர்ஸில் வைத்துக்கொண்ட பின்தான் கேட்டாள்.

"செல்லும் செல்லாதுங்கியதை விடுங்க சார். டீச்சர் ஒண்ணு கேட்டாவல்லா, அதுக்கு யாராவது பதில் சொன்னாவளா?"

இல்லை என்றேன்.

"நீங்க?"

அந்தத் தை மாதம் அவள் பின்சந்துக்குப் போனபோது, அவள் பின்னால் என் மனைவி போனபோது, நான் ஹாலில் இருந்தேன். என் இலையில் பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். எழுந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மரியாதையாக இருக்காது என்று உட்கார்ந்திருந்தேன். பிரதமன் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். மாசி மாத வியாழக்கிழமையில் என் மனைவி நோட்டை விரித்தபோது, ஒரு மாதமாக என்னிடம் கேட்கப்பட்டிருந்த கேள்விக்கு நான் நோட்டு மாற்று விதியைப் பதிலாகச் சொன்னேன். கமிட்டி அவள் கடிதத்தைப் பதிவு செய்தது. நான் அவளையே பதிவு செய்துவிட்டேன். இதில் எந்தப் பகுதியையும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. காபி குடிக்கிறாயா அம்மா என்று கேட்டேன். குடித்தாள். முழுவதையும்.

அவள் போன பிறகு தலைவரின் வரைவை ஓரமாக வைத்துவிட்டு வேறு ஒரு கடிதம் எழுதினேன். என் மனைவி தெளிந்த மனநிலையில் இருந்தாள். எழுதிய வரிக்குப் பொருள் உண்டு. அது மதம் பற்றியது. எங்கள் கோயிலில் இருக்கும் மதம் பற்றியது. ஆகவே விதிப்படி அந்த நோட்டுகளுக்கு மதிப்புக் கோர முடியாது. நாற்பத்தொரு நோட்டுகளின் தொகையையும் நானே இத்துடன் செலுத்துகிறேன். கமிட்டியிடம் இருக்கும் இருபத்துநான்கு நோட்டுகளை என்னிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். பொருளாளர் மீது பிழையில்லை. கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

முப்பத்துநான்கு வருஷத்தில் நான் வரைந்த கடிதங்களில் கட்சிக்காரரின் நலனுக்கு நேர் எதிரானது அது ஒன்றுதான்.

மறுநாள் தலைவர் போனில் பேசினார். கோபப்படவில்லை, அவர் கோபப்படுகிறவர் அல்ல. கடிதம் பதிவு செய்யப்பட்டது என்றார். கார்த்திகையில் ஹாலுக்கு வெள்ளையடிக்கும் வேலை வருவதாகவும், சரியாக அந்த வாரம்தான் ஆள் கிடைப்பதாகவும் சொன்னார். இடவசதி என்ற சொல் வரும் என்று காத்திருந்தேன், வந்தது. நோட்டுகளைப் பொருளாளர் அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தார், அதே பட்டுத் துணியில். வாசலில் தயங்கி நின்று, அந்த வரியைத் தமக்கு ஒரு தடவை படித்துக்காட்ட முடியுமா என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, நல்ல கேள்வி அங்கிள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது ஆனி மாதம். இன்னும் செய்யாமல் பாக்கி இருப்பவை:

கைக்கு வராத பதினாறு நோட்டுகளைப் பற்றிக் காலனியில் விசாரிப்பது. கடையில் யாரிடமாவது அதை வாங்க மறுத்திருந்தால் அவருக்குப் பத்து ரூபாய் கொடுப்பது.

வாசல் பலகையில் அவள் கடைசியாக எழுதியதை இன்னும் யாரும் அழிக்கவில்லை. அதைப் போட்டோ எடுப்பது.

லேபர் கேம்ப்பில் வாடகைக்குக் கிடைக்கும் கூடம் எது, எத்தனை பேர் ஒரே வரிசையில் உட்காரலாம் என்று இட்லிக் கடைக்காரியிடம் கேட்பது.

வருஷாப்திகம் செய்துவைக்கும் வாத்தியார் அந்த அன்னதானத்துக்கு அங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுவாரா என்று கேட்பது. இரண்டு தடவை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.